ஆறு மணிக்கு மவுஸ் அவளுடையது

செத்துப்போன மனைவியிடம் தினமும் மாலை ஆறு மணிக்கு மவுஸைப் பறிகொடுக்கும் ஆள், காவிரித் தண்ணீர் பாயும் ஊர்கள் முழுக்கத் தேடினாலும் நான் ஒருவன்தான். திருத்துறைப்பூண்டியில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். சிரிக்கிறார்கள். கோரையாற்றில் வீச்சுவலை போட்டு நான் முதலை பிடித்ததையே நம்பாத ஊர், இதையா நம்பப்போகிறது?

அன்று மச்சினன் தங்கையன் ஒரத்தநாட்டிலிருந்து லோடு ஆட்டோவோடு வந்து நின்றான். கெண்டைக்காலில் நாற்றங்கால் சேறு காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அவன் மகள் தமிழ்நிலாவுக்குக் கால்நடைக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அக்காவின் கம்ப்யூட்டரை அவளுக்குக் கொடுக்கக் கேட்டான். நியாயமான கேள்வி. அதனால்தான் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

"சும்மாதானே கெடக்கு அத்தான்?"

"யாரு சொன்னா? ஒங்க அக்கா தெனம் ஆறு மணிக்கு வந்து உக்காருறா. எங்கிட்டேர்ந்து மவுஸைப் பிடுங்கிக்கிறா."

"ஆரம்பிச்சிட்டீங்களா! அந்த முதலை என்ன ஆச்சு, வளந்துடுச்சா?"

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இரண்டு. திரை, கீபோர்டு, மவுஸ் எல்லாம் ஒன்றே ஒன்று. நடுவில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு சுவிட்ச். பட்டனை அழுத்தினால் எல்லாம் அவள் பக்கம் போகும், மறுபடி அழுத்தினால் என் பக்கம் வரும். ராக்கெட் விடுகிறவர்கள் என் வாசலில் வரிசையில் நின்று கற்றுக்கொண்டு போக வேண்டிய அளவுக்கு அதை அமைத்திருந்தேன். எல்லாம் எதற்கு? நானும் ஞானாம்பாளும் சதுரங்கம் ஆட. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஆளுக்கொரு கம்ப்யூட்டரிலிருந்து. அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். "ஆறு மணிக்குப் பாலைக் காய்ச்சி வச்சிட்டு வருவேன். நீங்க எந்த ராஜ்ஜியத்தை ஆண்டுக்கிட்டிருந்தாலும் மவுஸ் எங்கிட்ட வந்துடணும்." அவள் கம்ப்யூட்டர் அந்த நேரத்துக்குத் தானாக விழிக்கும்படியும், அது விழித்ததும் சுவிட்ச் அந்தப் பக்கம் தாவும்படியும் வைத்துக் கொடுத்தேன்.

மாசியில் அவள் போய்விட்டாள். ஆட்டம் பாதியில் நிற்கிறது. சுவிட்ச் தாவுவதை நிறுத்த வழி இருக்கிறது; கீபோர்டில் ஸ்க்ரோல் லாக் என்ற பட்டனை இரண்டு முறை தட்டி ஓர் எழுத்தை அழுத்தினால் போதும். கீபோர்டு முழுக்கத் துடைக்கிறேன். அந்தப் பட்டனில் மட்டும் தூசி படிந்தபடியே இருக்கிறது.

"ஆறு மணி வரைக்கும் இரு மாப்ள. அவ வரலைன்னா நானே தூக்கிட்டு வந்து வண்டியில வைக்கிறேன்."

தங்கையன் என் நாற்காலியில் உட்கார்ந்து, மவுஸை எலியைப் பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். என் கம்ப்யூட்டரில் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தான். வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். கரண்ட் போய்விடுமோ என்று எனக்குப் பயம். இன்றைக்கென்று பார்த்து அவள் வராமல் இருந்துவிடுவாளோ என்று அதைவிடப் பயம்.

மணி ஆறு. திரை இருண்டது. தங்கையன் மவுஸை இழுத்தான், தட்டினான், அம்புக்குறியைக் காணவில்லை. பிறகு மெல்லச் சதுரங்கப் பலகை வந்தது, அவள் பக்கத்திலிருந்து. அவளுடைய கறுப்புக் காய்கள் எங்கள் பக்கம், என் வெள்ளைக் காய்கள் அந்தக் கோடியில். கீழே 'ஞானாம்பாள், உங்கள் முறை' என்றிருந்தது.

தங்கையன் சட்டென்று கையை எடுத்தான்.

"நான் எதையும் தொடல அத்தான்."

"தெரியும்."

திரையருகே குனிந்து காய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். அவனுக்கும் ஆட்டம் அவள் சொல்லிக்கொடுத்ததுதான்.

"குதிரையை அங்க வச்சா நீங்க காலி."

"அதுவும் தெரியும்."

"அப்ப நீங்களே நகத்தி முடிச்சிருக்கலாமே?"

"அவ முறை மாப்ள."

ஆட்டோக்காரர் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "பொட்டி ரெடியாண்ணே? தூக்கலாமா?"

தங்கையன் திரும்பவில்லை. பக்கத்து நாற்காலியில் முழங்கை பட்டுவிடாமல் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தான்.

"இல்லப்பா, நீ கெளம்பு. அக்கா வந்து உக்காந்திருக்கு."