பாச்சு கடித்த குதிரை

ஐம்பத்துநாலு வருஷம் ஒரு குதிரையை ஒளித்து வைத்திருந்தவன் நான். உயிருள்ளதாக இருந்திருந்தால் கொள்ளு வாங்கப் போன இடத்திலாவது மாட்டிக்கொண்டிருப்பேன். இது சதுரங்கக் குதிரை. கட்டைவிரல் உயரம், கறுத்த ஈட்டி மரம், கண்ணில் சிவப்புக் கல். என் பெட்டியின் அடியில், ரயில்வே பென்ஷன் காகிதங்களுக்குக் கீழே, சத்தம் போடாமல் கிடந்தது.

தாத்தா மைசூர் அரண்மனைக் குமாஸ்தாவாக இருந்த நாளில் வாங்கிய செட் அது. பல் முளைக்கிற வயதில் அந்தக் குதிரையின் இடது காதை நான் கடித்து வைத்தேனாம். அதிலிருந்து வீட்டில் அதற்குப் 'பாச்சு கடிச்ச குதிரை' என்று பேர். பத்து வயதில், அண்ணா கிருஷ்ணஸ்வாமியிடம் ஒரே மத்தியானத்தில் ஐந்தாவது தடவை தோற்றபோது அதை எடுத்து நிஜார்ப் பைக்குள் போட்டுக்கொண்டேன். மறுநாள் திருப்பி வைத்துவிடலாம் என்றுதான். சாயங்காலமே ஒரு குதிரை குறைவதை அப்பா பார்த்துவிட்டார்.

குதிரையின் கண்கள் மாணிக்கம் என்பது அப்பாவின் நம்பிக்கை. அண்ணாவுக்குப் பதினாறு வயது, பயாஸ்கோப் பைத்தியம். ஆகவே கல்லுக்காகக் குதிரையை விற்றுவிட்டான் என்று தீர்ப்பாகிவிட்டது. அப்பா ரயில்வே கார்டு. அவருடைய பெல்ட்டுக்குப் பித்தளை பக்கிள். நான் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். வாய் திறக்கவில்லை. செட்டை அப்பா டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் சதுரங்கம் ஆடவில்லை.

மைசூர் மாநிலம் கர்நாடகம் என்று பேர் மாறியே பத்து வருஷம் ஆகிவிட்டது. நான்தான் மாறாமல் இருந்தேன். இந்த வருஷம் அண்ணாவுக்கு எழுபது, பீமரத சாந்தி. இரண்டு வருஷமாக அவருக்குக் கண் தெரியாது. விஜயநகரில் கட்டிய புது வீட்டில் ரேடியோவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

"பொழுது போகலைடா பாச்சு," என்றார் ஒரு நாள். "போனாலும் எங்கிட்ட சொல்லிண்டு போறதில்லை."

அன்றைக்குத்தான் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன்.

தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்சந்தில், சித்தையன் மர வேலை செய்கிறார். கொள்ளேகால்காரர். பலகையின் கட்டங்களில் துளை, காய்களுக்கு அடியில் முளை, கறுப்புக் காய்களின் தலையில் மட்டும் ஒரு பித்தளைக் குமிழ் என்று கேட்டேன். அப்படி இருந்தால் அண்ணா விரலால் பார்த்து ஆடலாம். பிறகு பெட்டியடிக் குதிரையை எடுத்து நீட்டினேன்.

"இதே மாதிரி ஒண்ணு பண்ணணும்."

"இதுதான் கையில இருக்குதுங்களே சாமி. இதுக்கே முளை வெச்சரலாமுங்க."

"இது வேண்டாம்."

"ஏனுங்க?"

"வேண்டாம்னா வேண்டாம்ப்பா."

அதை வைத்தால் இத்தனை நாள் எங்கே இருந்தது என்று சொல்லவேண்டும். சித்தையன் அதற்குமேல் கேட்காமல் குதிரையின் கண்ணை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணாடிங்க இது," என்றார்.

நான் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன்.

மூன்று வாரம் கழித்துப் போனபோது, முளை வைக்கும் முன் இரண்டு குதிரைகளையும் என் எதிரில் நிறுத்தினார். என்னுடையது என்று ஒன்றை எடுத்தேன்.

"அது புதுசுங்க சாமி."

நிறம், கண், இடது காதிலிருந்த என் பல் தடம்கூட அப்படியே இருந்தது. "இருக்கறதெல்லாம் இருக்கோணுமில்லீங்க," என்றார். நான் பூரித்துப்போய், வேலை என்றால் இதுதான் வேலை என்று அவர் தோளைத் தட்டிவிட்டு வந்தேன். என் மூளை அவ்வளவுதான்.

சாந்தி நாளன்று மத்தியானம், வந்தவர்கள் கலைந்ததும், பலகையை அண்ணா முன்னால் வைத்தேன். மன்னி அன்னபூர்ணி காப்பியோடு வந்து நின்றாள். அண்ணாவின் விரல்கள் ஒவ்வொரு காயாகத் தடவிக்கொண்டு போயின.

"டேய், இது நம்ம செட்டு."

"ஆமாண்ணா."

"ஒரு குதிரை இருக்காதே இதிலே."

"புதுசா பண்ணச் சொன்னேன். இருக்கற கறுப்புக் குதிரையைப் பார்த்துப் பண்ணினார்."

அண்ணா அந்தக் குதிரையைத் துளையிலிருந்து உருவினார். கட்டைவிரல் கழுத்தில் ஏறி, பிடரியைக் கடந்து, இடது காதில் நின்றது.

"பாச்சு. இருக்கற குதிரைக்கு ரெண்டு காதும் முழுசா இருக்கே. பண்ணினவருக்கு உன் பல்லு எப்படிடா தெரிஞ்சுது?"

பழைய குதிரையை வீட்டில் தனியாக விட்டு வர மனமில்லாமல் சட்டைப் பையில் கொண்டுவந்திருந்தேன். அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"எங்கே இருந்தது?"

"எங்கிட்டே."

"எப்போலேர்ந்து?"

"அன்னிலேர்ந்து."

மன்னி காப்பியை மேஜையில் வைத்தாள். வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பினார்கள். அண்ணா குதிரையை உள்ளங்கையில் ஒரு தடவை புரட்டினார்.

"அப்பா ஆஸ்பத்திரியிலே கிடந்தாரே, கடைசியிலே எங்கிட்ட அதைத்தான் கேட்டார். யார்கிட்டடா வித்தேன்னார். விக்கலைப்பான்னேன். மூஞ்சியைத் திருப்பிண்டுட்டார்."

"சொல்லியிருக்கணும்ணா."

"அவர் இருக்கறச்சே சொல்லியிருக்கணும். இப்போ கேக்கறதுக்கு நானும் இவளும்தான் இருக்கோம்."

"அதோட கண்ணு மாணிக்கம் இல்லையாம். வெறும் கண்ணாடியாம்." இதை ஏன் அப்போது சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. அண்ணா மூக்கால் ஒரு மூச்சு விட்டார். அது சிரிப்பா என்று இன்றுவரை நிச்சயமில்லை.

பழைய குதிரையை அதன் கட்டத்தில் வைத்துப் பார்த்தார். முளை இல்லாததால் கைபட்டதும் சாய்ந்தது. நிமிர்த்தினார். மறுபடி சாய்ந்தது. அதை எடுத்து இடது கைக்குள் மூடிக்கொண்டு, புதுக் குதிரையை என் பக்கம் நீட்டினார்.

"இதை நீயே வச்சுக்கோ. உனக்குத்தான் ஒண்ணு வச்சிண்டே பழக்கமாச்சே. நாளைக்குப் பழசுக்கு முளை வைக்கணும். நானும் கூட வரேன், உன்னை நம்பிக் குடுக்கமாட்டேன். அதுவரைக்கும் ஒரு குதிரை இல்லாமலே ஆடறேன். வெள்ளை நீ, நகர்த்து."

ஒரு சிப்பாயை நகர்த்தினேன். எதை எங்கே நகர்த்தினோம் என்று வாய்விட்டுச் சொன்னால்தான் கண் தெரியாதவர் எதிரில் ஆட முடியும். நான் சிப்பாயின் தலையிலிருந்து விரலை எடுக்காமல் இருந்தேன்.

"சொல்லுடா," என்றார் அண்ணா.

சொன்னேன்.