மிஷின் ஓடும்போது பேசியது

என் மனைவி வாயாடி. பகலில் பார்த்தது கேட்டதையெல்லாம் படுத்த பிறகு என் காதோரம் கிசுகிசுப்பாள். எனக்குக் காது மந்தமானதும் அது நின்றுபோனது. கிசுகிசுக்கிறதைக் கத்தியா சொல்ல முடியும்? எங்களுக்கும் மகன் மருமகளுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். "சாப்பிடுங்க", "மாத்திரை போட்டீங்களா", "படுங்க." அவ்வளவுதான் பேச்சு.

கொஞ்ச நாளாக அவள் முகம் சரியில்லை. எதையோ மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன விஷயம்?" என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டதாக நினைப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து மருமகள் எட்டிப் பார்த்து, "கூப்பிட்டீங்களா மாமா?" என்றாள். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். கல் அறுக்கும் பட்டறையில் அறுத்த கல்லைத் தூக்கி அடுக்குவது என் வேலை. மிஷின் ஓடினால் அங்கே எல்லாருமே செவிடுதான். காதில் வாயை வைத்துக் கத்தினால்தான் உண்டு.

டப்பாவை வைத்துவிட்டுத் திரும்பினவளைக் கையைப் பிடித்துக் கல் அடுக்குப் பக்கமாகக் கூட்டிப்போனேன். அவள் கையை உதறினாள். சொன்னது வாயசைவிலேயே புரிந்தது.

"விடுங்க! வயசான காலத்துல என்னது இது? பாக்கறாங்க!"

"பாக்கட்டும். ஒருத்தனுக்கும் கேக்காது. இங்க சொல்லு."

மிஷினைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு என் காதைப் பிடித்து இழுத்துக் கத்தினாள்.

"நாம தனியா போயிடலாம்! ஒரு ரூம் போதும்!"

"மருமக ஏதாச்சும் சொன்னாளா?"

"ஐயோ, தங்கமான பொண்ணுங்க அது! அவ காதுல விழுந்தா மனசு நோகுமேன்னுதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். உங்ககிட்ட நாலு வார்த்த பேசாம என்னால இருக்க முடியல!"

பெரிய சண்டை எதுவோ என்று பயந்திருந்தேன். இவ்வளவுதானா என்று இருந்தது. இவ்வளவா என்றும் இருந்தது.

"பட்டறைக்குப் பின்னால ஒரு ரூம் காலியா கெடக்கு. நாள் பூரா இந்தச் சத்தம்தான். எவனும் குடிவர மாட்டேங்கறான்."

"அதையே பேசுங்க!"

மிஷின்காரர் டீ குடிக்கப் போகவா என்று கையால் கேட்டார்.

வேண்டாம் என்று கையை ஆட்டிக் கத்தினேன். "அண்ணே, நிறுத்தாதீங்க! இன்னொரு கல்ல விடுங்க!"

அவர் எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். கிண்டலாக ஏதோ சொன்னார், கேட்கவில்லை. கல்லை ஏற்றினார். அதற்குள் இவள் எதிர்வீட்டுக்காரி கதைக்குப் போயிருந்தாள்.