சாம்பல் சிரட்டை

செவந்தியின் கணுக்காலில் பழைய சேலைத் துணி ஒன்று கட்டியிருந்தது. மறுமுனை கட்டில் காலில். மகள் சொர்ணவல்லி சோறாக்குகிற நேரத்துக்கு மட்டும் இந்தக் கட்டு. செவந்திக்கு நினைவு மங்கி மூன்று வருடமாகிறது. போன மாதம் கட்டாமல் விட்ட ஒருநாள் ஆலங்குடி ரோட்டின் நடுவில் போய் நின்றுவிட்டாள்.

"அரைமணி நேரம் அவள ஒக்கார வச்சிருங்க தம்பி. இந்தக் கட்ட அவுத்துருவேன்" என்றாள் சொர்ணவல்லி.

மறதி நோயாளிகளுக்கு, கண்ணில் மாட்டிக்கொண்டு விளையாடும் விளையாட்டுகளைச் செய்கிறவன் வெற்றிசெல்வன். திருச்சியிலிருந்து வந்திருந்தான். முதல் தடவை பூப்பறிக்கும் தோட்டம் கொண்டுவந்தான். செவந்தி இரண்டே நிமிடத்தில் கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்காத்தா பூவா பறிச்சா? முப்பது வருசம் முந்திரிக்கொட்ட ஒடச்ச கை" என்றாள் சொர்ணவல்லி.

மூன்று வாரம் கழித்து முந்திரிக் கொட்டகையோடு வந்தான். வறுத்த கொட்டைக் குவியல், உடைக்கும் கட்டை, பருப்புக் கூடை எல்லாம் கருவிக்குள்.

"அவ பாடுபட்டது பத்தாதா? இதுக்குள்ளயும் ஒடைக்கணுமா?"

"அவங்களுக்குப் புடிக்கலைன்னா நிறுத்திரலாங்க்கா."

மாட்டிவிட்டான். செவந்தி தரையில் குத்தவைத்து முதுகை வளைத்தாள். ஆனால் கொட்டையைத் தொடவில்லை. இடதுகை பக்கத்தில் எதையோ துழாவியது. கிடைக்கவில்லை. மூச்சு வாங்கியது. எழப் பார்த்தாள், கட்டு இழுத்தது.

"கொட்டை முன்னாலதான் இருக்குங்கம்மா, எடுங்க."

"சாம்பல் இல்லாம எப்புடி எடுப்பா?" என்றாள் சொர்ணவல்லி. "கையில பூசாம தொட்டா கொட்டயோட எண்ணெ பட்டு தோலு உரிஞ்சுரும். நீங்க கொட்டகையப் பாத்ததே இல்லியா?"

"வீடியோ பாத்தேன். சாம்பல் சட்டி இருந்துச்சு. அழுக்கா தெரியுதுன்னு நான்தான் எடுத்துட்டேன்."

"நல்லா எடுத்தீங்க."

அவளே அடுப்பிலிருந்து ஆறின சாம்பலைத் தேங்காய்ச் சிரட்டையில் அள்ளிவந்து தாயின் இடதுகைப் பக்கம் வைத்தாள். விரல் பட்டதும் செவந்தியின் மூச்சு இறங்கியது. உள்ளங்கை, விரலிடுக்கு, மணிக்கட்டு என்று நிதானமாகத் தேய்த்துக்கொண்டாள். பிறகு கையை நீட்டி, கண்ணுக்கு மட்டும் தெரிந்த கொட்டையை எடுத்து உடைத்தாள்.

"முழுப்பருப்பா விழணும்டி. நொறுக்கினா கங்காணி வைவான்" என்றாள் யாரிடமோ.

சொர்ணவல்லி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து கணுக்கால் முடிச்சை அவிழ்த்தாள். கதவைச் சாத்தாமலே உலை வைக்கப் போனாள்.

சோறு வடித்து நிமிரும்வரை கருவியிலிருந்து கொட்டை உடைபடும் சத்தம் கேட்டது. அப்புறம் செவந்தி இரண்டு கையையும் தூக்கினாள்.

"தண்ணி ஊத்துடி. கை கழுவணும்."

சொர்ணவல்லி செம்பில் மொண்டுவந்து ஊற்றினாள். சாம்பல் கரைந்து ஓடியது.

"கருவிய ஒரு மாசம் இங்கயே வச்சுக்கங்க" என்றான் வெற்றிசெல்வன். "உள்ள சாம்பல் சட்டியத் திரும்ப வச்சுடறேன்."

"வைங்க. வெளியிலயும் நான் வப்பேன்."

சேலைத் துணியை அவள் தூக்கிப் போடவில்லை. நாலாக மடித்துத் தலையணைக்கடியில் சொருகினாள்.

"நாளைக்கும் ஒக்காரட்டும். பாப்போம்."