நடக்க வைத்த களி

2007 தை மாதம் ஒரு காலையில், ஒரு கரண்டி கரும்புச்சாற்றுக் களியை வாயில் போட்ட தேவநாதன், கையைக்கூடக் கழுவாமல் எழுந்து நெல்லிக்குப்பத்திலிருந்து சிதம்பரம்வரை நடந்தார். அவராக நடக்கவில்லை, கால்கள் நடந்தன. கடலூர் சிப்காட்டில் ஷிஃப்டுக்குப் போக வேண்டிய மனிதர், கழுத்தில் அடையாள அட்டையோடு குறிஞ்சிப்பாடியைக் கடந்தார், புவனகிரியில் வெள்ளாற்றுப் பாலத்தைக் கடந்தார், இருட்டும் நேரத்தில் சிதம்பரம் ரயிலடிப் பக்கம் ஒரு சந்தில், பச்சைக் கதவு போட்ட வீட்டின் முன்னால் நின்றார். அங்கே கால்கள் அவரை விட்டுவிட்டன. கதவு திறக்கவில்லை. ஜன்னல் திரை மட்டும் ஒருமுறை அசைந்தது. யார் வீடென்று அவருக்குத் தெரியாது. பஸ் பிடித்துத் திரும்பி வந்து, "நாளைக்கு எனக்கு இட்லி போதும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் படுத்தார்.

களியைக் கேட்டவர் அவருடைய அப்பா மணவாளன். ஆலைக்குக் கரும்பு அனுப்பியே முதுகு வளைந்தவர். முந்தைய வருஷம் கடைசிப் பல்லும் விழுந்தபோது அவருக்கு அந்தக் களியின் ஞாபகம் வந்தது. அது எப்படி இருக்கும் என்று நாளெல்லாம் சொன்னார். யார் செய்தது என்று மட்டும் சொல்லவில்லை. செய்தவள் மூத்த மகள் மாரியம்மாள். பம்ப்செட் ரிப்பேருக்கு வந்த செம்பியனை, வேறு சாதி, வேறு மதம் என்று தெரிந்தே கட்டிக்கொண்டு போனவள். அது 1980. மணவாளன் கெடிலம் ஆற்றில் இறங்கி, உயிரோடிருந்த மகளுக்குத் தலைமுழுகினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் பெயர் கிடையாது. எங்கே இருக்கிறாள் என்று விசாரிக்கவும் ஆள் கிடையாது. பெயரைச் சொல்லக் கூடாதவளிடம் பக்குவம் கேட்பது எப்படி? கேட்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அந்தக் குடும்பம் செய்து பார்த்தது.

கிண்டியது மருமகள், தேவநாதனின் மனைவி சௌந்தரம். மாரியம்மாள் போன பிறகு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அந்தக் களியைக் கண்ணால் பார்த்ததில்லை. பச்சரிசி மாவை வறுத்துக் கிண்டினாள், வறுக்காமல் கிண்டினாள். தேங்காய்ப்பாலை முதலில் ஊற்றினாள், கடைசியில் ஊற்றினாள், சுக்கைக் கூட்டினாள், குறைத்தாள். மணவாளன் தட்டை மூக்கருகே கொண்டுபோவார். "இது இல்ல." தள்ளிவிடுவார். வாயில் வைத்ததே இல்லை. வீணாக்குவானேன் என்று வாயில் வைத்த அக்கம்பக்கத்தார் எல்லாரும் சிதம்பரம் போனார்கள். நெல்லிக்குப்பத்துக்காரர்கள் நிற்கமாட்டார்கள் என்று புரிந்துகொண்ட புவனகிரி டீக்கடைக்காரர் டம்ளரோடு கூடவே ஓடி, பாலம் வரைக்கும் வந்து காலி டம்ளரை வாங்கிக்கொண்டு போகப் பழகினார்.

சிதம்பரம் கோர்ட்டில் வரப்புத் தகராறு கேஸ் வைத்திருந்த எதிர்வீட்டுக் கலியமூர்த்தி, பஸ் ஸ்ட்ரைக் நாளில் வந்து நின்றார். "தங்கச்சி, நாளைக்கு வாய்தா. ஒரு கரண்டி குடேன்."

"தின்னா கால் எங்கயும் நிக்காதுண்ணா. ஒண்ணுக்குக்கூட நிக்காது. இப்பவே போய்ட்டு வந்துருங்க."

போய்விட்டு வந்தார். தின்றார். நடந்தார். கேஸ் தள்ளிப்போனது.

ருசி பார்க்கவே கூடாது என்று கட்டுப்பாடாக இருந்த சௌந்தரம், 2010 மாசியில் விரலில் ஒட்டியதை மறதியாக நக்கிவிட்டாள். கையில் களி கிண்டும் துடுப்போடு சிதம்பரம் வந்து சேர்ந்தாள். இந்த முறை பச்சைக் கதவு திறந்தது. நரை விழுந்த ஒரு பெண் மேலும் கீழும் பார்த்தாள்.

"துடுப்போட வந்த மொத ஆளு நீதான். நெல்லிக்குப்பத்துல எந்த வூடு?"

"மணவாளன் வூட்டு மருமவ."

அந்தப் பெண் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். "அப்ப நான் உனக்கு நாத்தனா. குடி."

சௌந்தரம் குடித்து முடிக்கவில்லை. "அண்ணி, மாமா சோத்த பாத்தாலே மொகத்த திருப்பிக்கிறாரு. அந்தக் களி எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

"எனக்குத்தான் தலைமுழுவிட்டாரே. செத்தவகிட்ட பக்குவம் கேக்க வந்துருக்க, உனக்கே சிரிப்பு வரல? அவரு வந்து, அவரு வாயால என் பேரச் சொல்லிக் கேக்கட்டும்."

சௌந்தரம் புருஷனிடம் சொன்னாள். தேவநாதன் அதைச் சொல்ல அப்பாவின் கட்டில்வரை போவார், மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு வந்துவிடுவார். இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. 2011 தீபாவளியோடு மணவாளன் எழுந்து நிற்பதை விட்டார்; பிறகு கஞ்சியையும் விட்டார். கடலூர் டாக்டர் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார். "கேட்டதக் குடுங்க. ஜாஸ்தி நாள் தாங்காது."

டிசம்பர் கடைசியில் 'தானே' என்ற புயல் வந்து கரும்பையெல்லாம் படுக்கவைத்தது. விழுந்த கரும்பில் சாறு பிழிந்து சௌந்தரம் கடைசியாக ஒருமுறை கிண்டினாள். மணவாளன் மோந்தார். "இது இல்..."

"மன்னிச்சுருங்க மாமா." அவர் மூக்கை இரண்டு விரலால் பிடித்தாள். மூச்சுக்கு வாய் திறந்ததும் ஒரு கரண்டியைத் திணித்தாள்.

தீபாவளியிலிருந்து படுக்கையில் கிடந்தவர் எழுந்தார். வாசலைத் தாண்டினார்.

"என்னாடி பண்ண? வழியில செத்துட்டா?" தேவநாதன் கத்தினார்.

"படுத்துக்கெடந்து சாவறதுக்கு நடந்து சாவட்டும். வண்டிய எடுங்க!"

சாய்ந்த மின்கம்பங்களையும் வேரோடு விழுந்த பலா மரங்களையும் தாண்டி அவர் முன்னால் நடக்க, மகனும் மருமகளும் மொபெட்டில் பின்னால் உருட்டினார்கள். பச்சைக் கதவு திறந்தே இருந்தது. மற்றவர்களை அங்கே விட்ட கால்கள் அவரை விடவில்லை. உள்ளேயும் போகவில்லை, திரும்பவும் இல்லை. தேவநாதன் தூக்கிப் பார்த்தார். நட்ட கல்லாக நின்றார் கிழவர்.

"யாரு வேணும்?" என்றாள் மாரியம்மாள்.

கரண்ட் இல்லாத தெரு. ஒரு பெண் மெழுகுவத்தியோடு வந்து மாரியம்மாளுக்குப் பின்னால் நின்றாள். மணவாளன் அவளையே பார்த்தார்.

"இது யாரு?"

"ஜான்சி. செத்தவளுக்குப் பொறந்தது."

அவர் உதடு இரண்டு தரம் அசைந்து மூடியது. கால் நகரவில்லை. அப்புறம், முப்பத்தொரு வருஷமாகப் புழங்காத அந்தப் பெயர் வெளியே வந்தது.

"மாரி. மாரிம்மா. பசிக்குதுடி."

கால்கள் விட்டன. தள்ளாடி விழப்போனவரை ஜான்சி பிடித்துக்கொண்டாள்.

மாரியம்மாள் அப்போதே அடுப்பைப் பற்றவைத்தாள். சௌந்தரம் பக்கத்தில் நின்று கண் கொட்டாமல் பார்த்தாள். மணவாளன் இந்த முறை மோந்து பார்க்காமலேயே சாப்பிட்டார். மகளும் ஒரு விரலில் எடுத்து நாக்கில் வைத்தாள். முகம் சுருங்கியது.

"என்னமோ கொறையுதுப்பா. அங்கேந்து வந்த பொறவு நான் இத கிண்டவே இல்ல."

மணவாளன் எழுந்தார். கால்கள் மறுபடி கிளம்பிவிட்டன. தேவநாதன் ஓடிப்போய் வாசலை மறித்தார். தேவையே இருக்கவில்லை. கால்கள் அடுப்படிக்குப் போய் மாரியம்மாளுக்குப் பின்னால் நின்றன. அவள் குழாயடிக்குப் போனாள், அவரும் போனார். திரும்பினாள், திரும்பினார்.

"என்னப்பா இது?"

"எனக்கென்னா தெரியும்? நீ நின்னா நானும் நிப்பேன்."

மணவாளனின் ரேஷன் கார்டு 2012 சித்திரையில் சிதம்பரத்துக்கு மாற்றப்பட்டது. களி வாரத்துக்கு ஒருமுறை கிண்டப்படுகிறது. ஒருமுறையும் சரியாக வரவில்லை. மார்க்கெட்டில் மாரியம்மாள் கத்திரிக்காய் பொறுக்கும்போது நாலடி பின்னால் அவர் நிற்பார். ரேஷன் கடையில் பெண்கள் வரிசையில் அவர் நிற்பதை யாரும் ஆட்சேபிப்பதில்லை. பின்னால் வருகிறவர்கள், "தாத்தா, கொஞ்சம் நவுருங்க" என்பார்கள். "அவ நவுந்தாத்தான்" என்பார் அவர். அவர்களும் காத்திருப்பார்கள்.