பகல் தூக்கத்துக்கு ஒரு கூலர்

கலைமணி டம்பர் டிரைவர். ரெட்டிபாளையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் காண்ட்ராக்டரிடம் வேலை. வீட்டு உயரத்துக்கு நிற்கிற வண்டியில் கல்லை நிரப்பிக்கொண்டு குழியிலிருந்து சுற்றிச் சுற்றி மேலே வர வேண்டும், கொட்ட வேண்டும், மறுபடி இறங்க வேண்டும். ராத்திரி முழுக்க இதேதான். பகலில் நன்றாகத் தூங்கி எழுந்தவனுக்கு இது பெரிய வேலையே இல்லை. தூங்காதவனுக்கு என்ன ஆகும் என்பதைப் போன வியாழக்கிழமை விடிகாலையில் அவன் பார்த்துவிட்டான்.

ஏறி வரும்போது கண் செருகிவிட்டது. எவ்வளவு நேரம் என்று அவனுக்கே தெரியாது. முழித்துப் பார்த்தால் முன்சக்கரம் பாதை ஓரத்து மண்மேட்டில் ஏறி நிற்கிறது. மேட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளம். பின்னால் எடுத்து, ஷிஃப்டை முடித்து, வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் பெண்டாட்டியிடம் சொன்னான்.

"யார்ட்டயும் சொல்லிராத வேணி. தெரிஞ்சா வண்டிய வாங்கிருவாங்க."

"பகல்ல தூங்குறீங்கல்ல, அப்புறம் எப்படி?"

"எங்க தூங்கறது? உன் மிஷினு கத்துற கத்துல."

அதைக் கேட்டதிலிருந்து வேணிக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள். அரியலூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜெயசீலன் எடுத்த படத்தையெல்லாம் கொடுத்தனுப்புவார். தாலி கட்டுகிற நேரம் பார்த்து கேமராவை மறைத்துக்கொண்டு நிற்கும் பெரிய மாமாவை வெட்டி, பாட்டுச் சேர்த்து, இவள் திருப்பிக் கொடுப்பாள். வெட்டி ஒட்டியதை ஒரே படமாகச் சேர்த்து எடுப்பதற்கு ரெண்டர் என்று பெயர். மணிக்கணக்கில் ஓடும். அப்போது கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸர் கொதிக்கும், அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கிற சின்ன ஃபேன் தொண்டை கிழியக் கத்தும். ஃபேனையும் குறை சொல்ல முடியாது. ப்ராசஸரோடு இலவசமாக வந்த சரக்கு, அதனால் முடிந்தது அவ்வளவுதான்.

தை மாதம். அடுத்தடுத்து முகூர்த்தம். இரவெல்லாம் வெட்டுவது, பகலெல்லாம் ரெண்டர். கம்ப்யூட்டரைக் கூடத்தில் வைத்துப் பார்த்தாள். ரோட்டில் போகிற லாரி ஒவ்வொன்றும் ஒரு கை சிமெண்டுத் தூசியை வீட்டுக்குள் வீசிவிட்டுப் போகிற ஊர் அது. ஃபேனுக்குள் தூசி அடைத்துக்கொண்டு இன்னும் அதிகமாகக் கத்தியது. கதவும் ஜன்னலும் ஒழுங்காகச் சாத்துகிற அறை வீட்டில் ஒன்றே ஒன்று. அதில்தான் அவன் தூங்க வேண்டும், அதில்தான் இதுவும் ஓட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை அவன் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்ததும், வேணி கம்ப்யூட்டரை அணைத்துக் கூடத்துக்குத் தூக்கி வந்தாள். பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி, ஜாக்கெட் தைக்க அளவெடுக்கும் டேப்பால் ப்ராசஸரிலிருந்து கதவு வரை எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். அறைக் கதவை மெல்லச் சாத்திவிட்டு பஸ் ஏறினாள். அரியலூர்க் கடைகளில் கேட்டாகிவிட்டது, அங்கே இருந்ததெல்லாம் பழைய ஃபேனின் தம்பிகள். ப்ராசஸரைக் குளிர வைக்கிற பெரிய கூலர் பெரம்பலூரில்தான் கிடைக்கும் என்றார்கள். அன்று சாயங்காலத்துக்குள் ஒரு கல்யாணத்தை முடித்து அனுப்புவதாக ஜெயசீலனிடம் ஒத்துக்கொண்டிருந்தாள். தப்பான சாமானை வாங்கி வந்தால் மறுபடி பழையதையே மாட்டி, மறுபடி அவன் தலைமாட்டில் கத்தவிட வேண்டும். அப்படிக் கத்தவிட்ட பகலுக்கு அடுத்த ராத்திரி என்ன நடக்கும் என்பதை யோசிக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

பெரம்பலூரில் பாலக்கரைப் பக்கத்துக் கடைக்காரர் பெயர் பரணிதரன். சின்ன வயசு, நிறையப் பேச்சு. எடுத்த எடுப்பில் கலர் கலராய் விளக்கெரிகிற ஒன்றைத் தூக்கி மேசைமேல் வைத்தார்.

"லிக்விட் கூலர்க்கா. உள்ள தண்ணி சுத்தும். வீடியோ பண்றவங்க எல்லாம் இதான் வாங்குறாங்க. நல்லா குளுத்தும், பாக்கவும் கெத்தா இருக்கும்."

"சத்தம் வருமாங்க?"

"சத்தமே வராதுக்கா."

"ஓட்டிக் காட்டுங்க."

பரணிதரன் சிரித்தார். கூலரைக் காதால் பார்த்து வாங்க வந்த ஆள் அவருக்கு அதுதான் முதல் தடவை போலிருக்கிறது. ஆனாலும் மாட்டிக் காட்டுவதற்கென்று வைத்திருந்த கம்ப்யூட்டரை ஓடவிட்டார். வேணி அதோடு விடவில்லை. கடை மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள், பாட்டை நிறுத்தச் சொன்னாள், ப்ராசஸருக்கு முழு வேலை கொடுக்கச் சொன்னாள். அப்புறம் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, பெட்டிமேல் காதை வைத்தாள்.

காற்றுச் சத்தம் கம்மிதான். ஆனால் அதற்கு அடியில் ஒரு மெல்லிய ரீங்காரம், கொசு மாதிரி, விடாமல்.

"இது என்னங்க?"

"அதுவாக்கா? தண்ணிய ஓட்டற மோட்டாரு. லேசாத்தான கேக்குது."

"லேசாக் கேக்குறதுதாங்க தூங்கவிடாது. வேற காட்டுங்க."

அடுத்தது குட்டை சைஸ். ஆரம்பத்தில் சமர்த்தாக இருந்தது, வேலை ஏற ஏறப் பழைய ஃபேனின் புத்தியைக் காட்டிவிட்டது. மூன்றாவது, இரட்டைக் கோபுரம் மாதிரி தகடு தகடாக நின்றது. காதை வைத்தால் சத்தமே இல்லை. வேணிக்கு மனசு துள்ளியது, கூடவே உள்ளங்கையைப் பார்த்தாள். கையோடு கொண்டுவந்த டேப்பை வைத்து அளந்தால் கூலர் அவள் பெட்டியில் இருக்கிற இடத்தைவிட ஒரு விரற்கடை உயரம்.

"கதவத் தொறந்தே வெச்சுக்குங்கக்கா. ஒண்ணும் ஆவாது."

"எங்க ஊரு ரெட்டிபாளையங்க."

அந்த ஊர்த் தூசியைப் பரணிதரனும் அறிந்தவர்தான். உள்ளே போய் இன்னொன்றை எடுத்து வந்தார். ஒற்றைக் கோபுரம். அடியில் செம்புக் குழாய்கள், மேலே தகடுகள், முன்னும் பின்னும் அகலமான ஃபேன். "பெரிய ஃபேனுக்கா. மெதுவாச் சுத்தினாலே காத்தத் தள்ளிரும், அதான் கத்தாது. உங்க ப்ராசஸருக்கு இது தாராளமாப் போதும்" என்றார். வேணி தகடுகளுக்கு நடுவில் நகத்தை விட்டுப் பார்த்தாள். பெயிண்ட் பிரஷ் நுழைகிற இடைவெளி இருந்தது, தூசி தட்டலாம். அளந்தாள், கதவு மூடும். காதை வைத்தாள். ஃபேன் சுற்றுகிறதா என்று கண்ணைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது.

"இதக் குடுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது அறைக் கதவு சாத்தியபடியே இருந்தது. உள்ளே சத்தமில்லை. மிஷின் இல்லாத அறையில் மனுஷன் நன்றாகத் தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டாள். கூடத்துத் தரையில் பேப்பரை விரித்து, செல்போனில் வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, பழையதைக் கழற்றினாள், துடைத்தாள், சூட்டைக் கடத்துகிற பசையை வைத்தாள், புதியதை உட்கார வைத்துத் திருகினாள். சுவிட்சைப் போட்டாள்.

ஃபேன்கள் பூப்போலச் சுற்றின. சூட்டைக் காட்டுகிற எண்ணைத் திறந்தாள். அது எழுபதில் இருந்தது. ரெண்டர் தொடங்கியதும் தொண்ணூறு. அவள் கையை எடுப்பதற்குள் நூறு. திரை கறுத்து, கம்ப்யூட்டர் அடங்கிவிட்டது.

மறுபடி போட்டாள். மறுபடி அணைந்தது. ப்ராசஸரையே எரித்துவிட்டேனா? ஜெயசீலனுக்கு என்ன சொல்வது, இவருக்கு என்ன சொல்வது? அழுகை வந்தது, அழுதால் அவன் எழுந்துவிடுவான் என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துச் செம்புக் குழாயைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. கீழே கொதிக்கிறது, மேலே சூடே ஏறவில்லை. அப்படியானால் நடுவில் என்னமோ தடுக்கிறது.

கழற்றித் திருப்பினாள். கூலரின் அடிப்பாகத்தில் மெல்லிசாய் ஒரு பிளாஸ்டிக் தாள், அதன் மேலேயே பசையைப் பூசியிருந்தாள். பிரித்துவிட்டு மாட்டவும் என்று அதில் இங்கிலீஷில் சிவப்பாக எழுதியே இருந்தது. அவள் பார்க்காமல் இல்லை. ஆனால் ரெட்டிபாளையத்தில் எந்த வீட்டில் எதன் பிளாஸ்டிக்கைப் பிரித்தார்கள்? பிரித்த அன்றைக்கே சிமெண்டு படியும். டிவி ரிமோட் கவருக்குள் இருக்கிறது, ஃப்ரிட்ஜ் கைப்பிடி கவருக்குள் இருக்கிறது, பைக் டேங்க் வாங்கிய நாள் முதல் கவருக்குள் இருக்கிறது. புது சாமான் என்றால் தாள் இருக்கட்டும் என்று கை தானாக நினைத்துவிட்டது. தன் மண்டையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டு, தாளை உரித்து, மிச்சப் பசையை வைத்து மறுபடி திருகினாள். எண் அறுபத்தைந்துக்குப் போய் அங்கேயே நின்றது. பெட்டிக் கதவை மூடினாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அலுங்காமல் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள். கலைமணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ஒயர்களை மாட்டி ரெண்டரை ஓடவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். குளிர் மாதம் என்பதால் மின்விசிறிகூட ஓடவில்லை. திரையில் மட்டும் வேலை ஓடியது, அறையில் ஒரு சத்தமும் இல்லை. இனிமேல் தூங்குவான். இனிமேல் பயமில்லை.

அப்போதுதான் அது கேட்டது. சரக். கொஞ்சம் பொறுத்து மறுபடி சரக்.

எலியோ என்று பார்த்தாள். கட்டிலிலிருந்து வந்தது. கலைமணியின் வலது கால். குதிகாலை விரிப்பில் ஊன்றி, பாதத்தை முன்னால் அழுத்துகிறான், விடுகிறான், அழுத்துகிறான். பிரேக் மிதிக்கிறான். தூங்கும்போது அவனுக்கு மூக்கில் ஒரு விசில் வரும், அது வரவில்லை. எச்சில் விழுங்குகிற சத்தம் வந்தது. இத்தனை நாளும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அவள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறாள், ஃபேன் கத்திக்கொண்டிருக்கிறது, பின்னால் இவன் இப்படி மிதித்துக்கொண்டே கிடந்திருக்கிறான்.

"ஏங்க."

கால் நின்றது.

"தூங்கலீங்கள்ல?"

"இப்பதான் முழிச்சேன்."

"பொய் சொல்லாதீங்க."

அவன் திரும்பவில்லை. சுவரிடமே பேசினான். "அந்தப் பழைய ஃபேனயே மாட்டிரு வேணி."

"எதுக்குங்க? இதுல சத்தமே இல்லயே."

"அதான். இப்ப எல்லாங் கேக்குது உனக்கு."

வேணி எழுந்து போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். அவன் முதுகில் கை வைத்தாள். பனியன் நனைந்திருந்தது.

"கண்ண மூடுனா வண்டி மேட்டுல ஏறுது. உடனே முழிப்பு வந்துருது. வியாழக்கெழமலேர்ந்து ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல. உன் மிஷினு மேல பழியப் போட்டுட்டு இருந்துட்டேன்." பனியனால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நேத்தும் ஏறிருச்சு வேணி. ஞாயித்துக்கெழமயும். நான் சொல்லல."

வேணிக்குக் கோபம் வந்தது. அறைய வேண்டும் போலிருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. ஜன்னல் விளிம்பில் கிடந்த அவன் போனை எடுத்து நீட்டினாள்.

"சுரேஷ்குமார் சாருக்குப் போடுங்க."

சுரேஷ்குமார் அவனுடைய ஷிஃப்ட் இன்சார்ஜ்.

"நாளைக்குப் பேசிக்கறேன்."

"நாளைக்கு இல்லீங்க. இன்னைக்கு ராத்திரி வண்டி எடுத்தீங்கன்னா, நாளைக்கு நான் யார்கிட்ட போனக் குடுக்குறது?"

அவன் எழுந்து உட்கார்ந்து அவளைப் பார்த்தான். கண் இரண்டும் செக்கச்செவேல் என்றிருந்தது. போனை வாங்கி நம்பரைப் போட்டான். அந்த அறையில் இப்போது எதையும் மறைக்க முடியாது, எதிர்முனையில் மணி அடிப்பதும் அவர் எடுப்பதும் அவளுக்கும் கேட்டது.

"சொல்லு கலைமணி."

"சார், இன்னைக்கு நான் வண்டி எடுக்கல சார்."

"என்னப்பா திடீர்னு? லீவா?"

"லீவு இல்ல சார்." தொண்டையைச் செருமிக்கொண்டான். "வண்டில தூங்கிட்டேன் சார். மூணு தடவ மேட்டுல ஏத்திட்டேன். யாரும் பாக்கல. நானே சொல்றேன்."



"வண்டிய வேற ஆளுக்கு மாத்திடறேன்" என்றார் சுரேஷ்குமார். "எத்தன நாளைக்குன்னு இப்ப என்னால சொல்ல முடியாது. மேல பேசணும்."

"சரிங்க சார்."

"வண்டிக்கு ஒண்ணும் ஆவலயே?"

"ஆவல சார்."

"உனக்கு?"

கலைமணி வாயைத் திறந்தான். தோள் குலுங்கியது. வேணி போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

"அவர் சம்சாரம் பேசுறேங்க சார்" என்றாள். "அவருக்குத்தான் ஆயிருக்குங்க."