பார்க்காமல் விட்ட வெளிச்சம்

யாரும் பார்க்காமல் விட்ட ஒரு வெளிச்சம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், வானாய்வகக் குடியிருப்பின் கடைசி வீட்டுக் குளியலறைக்கு வந்து நீல வாளிக்குள் தங்கியது. அன்றைக்குக் குழாயில் தண்ணீர் காலையிலேயே நின்றுவிட்டதால் வாளி காலியாக இருந்தது. முதலில் பார்த்தது வீட்டுக்காரரின் அக்கா. தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்கப் போனவர், பட்டப்பகலில் விளக்கு எரிகிறதே, கரண்டு என்ன சும்மாவா வருகிறது என்று முணுமுணுத்தபடி சுவிட்சைத் தட்டினார். விளக்கு எரிந்தது. மறுபடி தட்டினார். விளக்கு அணைந்தது, வெளிச்சம் அணையவில்லை. வாளிக்குள் எட்டிப் பார்த்தார். தம்பி மனைவி வேலையிலிருந்து வரட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து வெங்காயம் உரித்தார்.

தம்பி மனைவிக்கு ரயில் நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் வேலை. எந்த வண்டி எப்போது வரும், எவ்வளவு தாமதம் என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். கூட்டிப்போக ஆள் வராத பயணிகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். பெட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு வாசலையே பார்ப்பார்கள். கடைசியில் எழுந்து, யார் வீடு என்று தெரிந்திருக்கிறதோ அந்த வீட்டுக்குத் தாங்களே விசாரித்துக்கொண்டு போவார்கள். சாயங்காலம் வாளிக்குள் குனிந்து, சிவப்போடிய அந்த வெளிச்சம் விளிம்பைத் தாண்டாமல் ஒடுங்கி உட்கார்ந்திருப்பதைக் கண்டதும், இது அந்த ரகம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்றும் புரிந்தது. ஏனென்றால் அதற்கு முந்தைய நாள்தான் அவள் கணவர் உலகத்திடம் மன்னிப்புக் கேட்டிருந்தார். 

கணவருக்கு மலைமேல் தொலைநோக்கியில் வேலை. வானத்தின் ஏதோ ஒரு கோடியில் பெரிய நட்சத்திரம் ஒன்று தனக்குள்ளேயே இடிந்து விழும்போது காமாக் கதிர்கள் சில நொடிகள் வெடித்துக் கிளம்பும். மேலே சுற்றும் செயற்கைக்கோள் அதைப் பிடித்து, இந்தப் பக்கம்தான் என்று வானத்தில் ஒரு வட்டம் போட்டுக் கீழே சொல்லும். துல்லியமாகச் சொல்லத் தெரியாததால் அதற்குப் பிழைவட்டம் என்று பெயர். அதற்குள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது பின்னொளியை. அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியில் கொஞ்ச நேரம் சூடு நிற்பதுபோல, வெடித்த இடத்தில் வெளிச்சம் கொஞ்சம் நிற்கும். சட்டி ஆறுவதற்குள் தொட்டுப் பார்த்தால் உண்டு, இல்லையென்றால் போனதுதான். வட்டத்தைப் படம் எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிட்டு, புதிதாக ஒரு புள்ளி இருந்தால் சிறிது நேரம் கழித்து இரண்டாவது படம் எடுக்க வேண்டும். புள்ளி மங்கியிருந்தால் அது பின்னொளி. மங்காமல் நகர்ந்திருந்தால் நம் சூரியனைச் சுற்றுகிற ஏதோ ஒரு கல். இதைப் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவர்தான் சொல்லிக்கொடுப்பார். ஒரு தடவை பார்த்தால் ஆசை, இரண்டு தடவை பார்த்தால்தான் அறிவு என்பார். சொல்லிவிட்டு எல்லோரும் எழுதிக்கொள்கிறார்களா என்று வேறு பார்ப்பார்.

பல வருடங்களில் வந்த வெடிப்புகளிலேயே பெரியது அவர் முறைவேலை பார்த்த இரவில் வந்தது. முதல் படத்தில் புதுப் புள்ளி இருந்தது. கடலுக்கு அப்பாலுள்ள ஒரு குழு ஒவ்வொரு தடவையும் இவரை இம்மி அளவில் முந்திக்கொண்டிருந்தது. இந்தத் தடவை இவர் இரண்டாவது படத்துக்குக் காத்திருக்கவில்லை. கண்டேன் என்று அறிவித்தார். உலகத்தின் பெரிய தொலைநோக்கிகள் எல்லாம், கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு, அவர் விரல் நீட்டிய இடத்துக்குத் திரும்பின. எல்லாம் சேர்ந்து விடியும்வரை மிகுந்த கவனத்தோடு ஒரு கல்லைப் பார்த்தன. அது நகர்ந்தது. உண்மையான பின்னொளி, வட்டத்தின் ஓரத்தில், கண் கூசவைக்கும் ஒரு பிரகாசமான நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. தொள்ளாயிரம் கோடி வருடம் பயணம் செய்து வந்திறங்கிய அதை ஏனென்று கேட்க ஒரு தொலைநோக்கிக் கண்ணாடியும் இல்லை. தவறை உணர்ந்து எல்லோரும் திரும்பியபோது அது எந்தத் தொலைநோக்கிக்கும் எட்டாதபடி மங்கிவிட்டது. திங்கட்கிழமை அவர் அறிவிப்பைத் திரும்பப் பெற்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார்.

வாளிக்கு வெளிச்சம் வந்த அன்று, வேலை முடிந்து வந்த கணவர் குளியலறைக் கதவின் அடியில் கோடுபோலத் தெரிந்த சிவப்பைப் பார்த்தார். உள்ளே போகவில்லை. என்ன அது என்றும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றாமலே, "அதை மூடி வை" என்றார். மனைவி ஒரு எவர்சில்வர் தட்டைக் கொண்டுபோய் மூடினாள். வாளியோடு தூக்கினால் வெளிச்சம் வாளியோடு வந்தது, எடை எதுவும் கூடவில்லை. மூலையில் வைத்தாள். அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்டா தம்பி, அவ்வளவு தூரத்துலருந்து வந்திருக்கு. வந்தவங்கள வாளியில உட்கார வச்சு மூடியும் போடச் சொல்றியே, இது அடுக்குமா?"

"அது என்னைப் பார்க்க வரலக்கா. போக்கிடம் இல்லாம வந்திருக்கு."

அதன் பிறகு அவர் வேலை செய்யும் இடத்திலேயே குளித்துக்கொண்டார். வீட்டில் கால் கழுவ வேண்டியிருந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். தட்டின் விளிம்பைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம் கசிந்துகொண்டிருக்கும். பக்கத்து வீட்டார் கேட்டபோது மனைவி, தலைக்கு வைக்கிற எண்ணெய் காயவைக்க ஒரு பல்பு போட்டிருப்பதாகச் சொன்னாள். அது அவள் சொன்ன முதல் பொய்.

அவருக்குக் கல்லு சார் என்று பெயர் வந்தது. வானாய்வக உணவகத்தில் அவர் வந்து உட்கார்ந்ததும், சோற்றில் கல் பார்த்துச் சாப்பிடுங்கள் என்று யாராவது யாரிடமாவது சொல்வார்கள். அவரும் கூடச் சிரிப்பார். அவர் மேசைமேல் யாரோ தினமும் ஒரு கூழாங்கல்லை வைத்தார்கள். அவர் அதைத் தூக்கி எறியவில்லை. சட்டைப் பையில் போட்டு வந்து வீட்டு வாசற்படியோரம் வைத்தார். மழைக்காலம் வருவதற்குள் அங்கே ஒரு சின்னக் குவியல் சேர்ந்துவிட்டது. அக்கா அதை வாரிக் கொட்டப் போனபோது, இருக்கட்டும், எனக்கு வந்தது என்று தடுத்தார்.

மனைவி விடுமுறை நாளில் வானாய்வக இயக்குநரைப் போய்ப் பார்த்தாள். போன வெளிச்சம் எங்கள் வீட்டில் இருக்கிறது, வந்து அளந்துகொண்டு போங்கள், அவர் பெயர் மீளும் என்று கேட்டாள். இயக்குநர் மரியாதை தெரிந்தவர். தானே வந்து, கால்சட்டையை முழங்காலுக்குமேல் சுருட்டிக்கொண்டு, ஈரத் தரையில் குந்தி உட்கார்ந்து பார்த்தார். ஒரு நாளில் பாதியானதா, அந்தப் பாதி மறுபடி பாதியாக இரண்டு நாள் ஆனதா, அதற்கடுத்த பாதிக்கு நான்கு நாள் ஆனதா என்று விசாரித்தார். ஆமாம் என்றாள். அசல் பின்னொளியின் குணம் என்று ஒப்புக்கொண்டார்.

"வெளிச்சம் சரியாத்தாம்மா இருக்கு. ஆனா உங்க வீடு பிழைவட்டத்துக்கு வெளியே இருக்கே. நான் என்ன பண்ணட்டும்?"

தேநீர் குடித்துவிட்டுப் போனார். போகும்போது கூழாங்கல் குவியலில் கால் இடறியது.

இரண்டாவது பொய் ரயில் நிலையத்தில் சொன்னது. பக்கத்துக் கவுண்டருக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த குமாஸ்தா, ஆள் நல்லவர்தான், நாளிதழில் வந்த நகைச்சுவைப் பத்தியை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். கல்லைக் காட்டி உலகத்தையே கும்பிட வைத்தவர் என்று தலைப்பு. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏங்க, நீங்க அந்தக் குடியிருப்புலதானே இருக்கீங்க? இந்தக் கல்லு சாரைத் தெரியுமா?" என்று கேட்டார். கண்ணாடியைத் தாண்டிச் சத்தம் போகவும் வரவும் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். அது திறந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை.

"பார்த்திருக்கேன்" என்றாள். "பக்கத்து வீட்டுக்காரர்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது வரிசையில் மூன்றாவது ஆளாக அவள் கணவர் நின்றிருந்தார். அவள் காலையில் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டுப் பாத்திரம் கையில் இருந்தது. வரிசையை விட்டு அவர் விலகவில்லை. முன்னால் இருந்தவர்கள் கேட்டுவிட்டுப் போகிறவரை காத்திருந்து, முறை வந்ததும், கண்ணாடியின் அடிச்சந்து வழியாகப் பாத்திரத்தைச் சாய்த்து உள்ளே தள்ளினார்.

"உங்க வீட்டுல குடுத்துடச் சொன்னாங்க" என்றார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதுபோலவே. அடுத்தவருக்கு இடம் விட்டு நகர்ந்தார்.

அவள் அன்று பாத்திரத்தைத் திறக்கவில்லை. வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போகவும் கை வராமல் வழியில் ஒரு நாய்க்கு வைத்தாள். சாயங்காலம் அவர் வழக்கம்போல வந்தார், வழக்கம்போலப் பேசினார். அக்கா இருக்கிற வீட்டில் எதையும் எடுத்துப் பேச நேரம் வாய்க்காது என்று முதலில் சொல்லிக்கொண்டாள். பிறகு அக்கா உறவினர் வீட்டுக்குப் போயிருந்த நாட்களிலும் நாக்கு எழவில்லை. அவர் அதற்குப் பிறகு அவளிடம் உப்புக் கேட்டால்கூட, சிரமமில்லையென்றால் என்று சேர்த்துக் கேட்டார். நல்ல பக்கத்து வீட்டுக்காரர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

வருடங்கள் போயின. பின்னொளி தேடும் வேலையை அவர் தானே விட்டுவிட்டு, பகலில் தொலைநோக்கிக் கண்ணாடிகளைத் துடைக்கவும் மேகம் பார்த்துச் சொல்லவும் மாறிக்கொண்டார். கூழாங்கல் வைத்தவர் யாரோ, ஓய்வு பெற்றோ அலுத்தோ, நிறுத்திவிட்டார். கரண்டு கட்டணம் மூன்று தடவை ஏறியது. மனைவி மட்டும் ஒவ்வொரு வருடமும் ரயில் கால அட்டவணை புதிதாக வந்ததும் குளியலறைக்கு எடுத்துப்போய், தட்டைத் தூக்கி, அந்த வெளிச்சத்தில் படித்துப் பார்ப்பாள். முதல் வருடம் பெரிய ஊர்களின் பெயர்களை எழுத்துக்கூட்ட முடிந்தது. பிறகு அட்டையிலுள்ள தலைப்பு மட்டும். அதற்கப்புறம் காகிதம் வெள்ளை என்பது மட்டும். பிறகு எதுவும் இல்லை. அது போய்விட்டது என்றாள். போயிருக்காது என்றார் அக்கா. அது வயதானவர்களைப் போல, இதோ போகிறேன் அதோ போகிறேன் என்று குறைந்துகொண்டே இருக்குமே தவிரப் போகாது என்றார். சொன்ன அக்கா அந்த வருடக் கடைசியில், மதியத் தூக்கத்தில், எந்தத் தாமதமும் இல்லாமல் போய்ச் சேர்ந்தார்.

கணவருக்கு நுரையீரல் கெட்டது. மலை ஏறக் கூடாது என்றார்கள். வீட்டோடு இருந்தார். ஒரு மத்தியானம், குளியலறை ஜன்னலை அடைக்க முடியுமா, சிரமமில்லையென்றால், என்று கேட்டார். அவள் அட்டை வைத்து அடைத்தாள். கதவிடுக்கில் போர்வையைச் சுருட்டித் திணிக்கச் சொன்னார். முக்காலியில் உட்கார்ந்தார். தட்டை உடனே எடுக்க வேண்டாம், கண் இருட்டுக்குப் பழகட்டும் என்றார். இருவரும் அந்தச் சின்ன அறையில் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டபடி இருந்தார்கள். கல்யாணமாகி அவ்வளவு வருடத்தில் இத்தனை நெருக்கமாக, இத்தனை நேரம், பேசாமல் இருந்ததில்லை. பிறகு அவர் சொன்னதும் தட்டை எடுத்தாள். அவளுக்கு இருட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அவர் குனிந்து, முதல் தடவையாக, அதைப் பார்த்தார். நேரே பார்க்காமல் கடைக்கண்ணால் பார்த்தார், மங்கலானதை அப்படித்தான் பார்க்க வேண்டும். நீண்ட நேரம் ஆனது.

"இருக்கு" என்றார். "மங்கியிருக்கு. நகரல."

எடுக்காமல் விட்ட இரண்டாவது படத்தை அவர் எடுத்து முடித்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. இருட்டு முகத்தை மறைத்திருந்ததால் அவளுக்கும் வாய் வந்தது.

"அன்னிக்கு ஸ்டேஷன்ல நான் சொன்னது..."

அவர் வாளியிலிருந்து கண்ணை எடுத்தாரா என்று தெரியவில்லை.

"அதுவும் அப்படித்தான்" என்றார். "மங்கிடுச்சு. நகரல."

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம், பொய் சொல்லத் தெரியாத மனிதர். அவள் தட்டை மூடினாள். அவரைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தபோது, வெளிச்சம் கூசிய கண்ணை மூடிக்கொண்டு அவள் தோளில் முழுப் பாரத்தையும் சாய்த்தார். சிரமமில்லையென்றால் என்று சொல்லவில்லை. பதினைந்து நாள் கழித்து இறந்தார். பார்க்க வந்தவர்களில் ஒருவர், நரைத்தவர், வாசற்படியோரக் கூழாங்கற்களைக் கண்டதும் உள்ளே வராமல் வெளியிலேயே நின்றுவிட்டுப் போனார்.

குடியிருப்பைக் காலி செய்ய வேண்டியிருந்தது. கட்டில், பீரோ எல்லாம் லாரியில் போயின. நீல வாளியை அவள் லாரியில் ஏற்றவிடவில்லை. தன் நிலையத்திலிருந்தே பகல் வண்டியில் ஏறி, தட்டு மூடிய வாளியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அடுத்த நிலையத்தில் ஏறிய டிக்கெட் பரிசோதகர் இளவயதுக்காரர், அவளை அறியாதவர்.

"என்னம்மா, காலி வாளியை மடியில வச்சுட்டு வர்றீங்க? கீழ வைக்கலாமே."

"காலி இல்லங்க. வெளிச்சம் இருக்கு."

அவர் தட்டைத் தூக்கிப் பார்த்தார். "எனக்குத் தெரியலையே."

"தெரியாது. ரொம்ப மங்கிடுச்சு."

"யாரோடது?"

பெட்டியில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். எதிரில் இருந்தவர் நாளிதழைத் தாழ்த்தினார். அவள் கவுண்டரில் வண்டித் தாமதம் அறிவிக்கிற குரலில், கடைசி இருக்கைவரை கேட்கும்படி சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரர் பார்க்காம விட்டது. கல்லு சார்னு சொல்வாங்க. நான் அவர் சம்சாரம்."

பரிசோதகர் தலையாட்டினார். வெளிச்சத்துக்குத் தனிக் கட்டணம் கிடையாது, ஆனால் வாளி நடைபாதையை மறிக்கக் கூடாது என்றார். தட்டை அவரே திரும்ப மூடி, தூசி விழாதபடி சரியாக அழுத்திவிட்டு, அடுத்த வரிசைக்குப் போனார். நாளிதழ்க்காரர் வாளிக்கு இடம் விட்டுக் காலை மடக்கிக்கொண்டார். வண்டி நகர்ந்தது. வாளிக்குள் இருந்தது நகரவில்லை, மங்க மட்டும் செய்தது.