காயிவாவின் மரவள்ளி

டாக்டர் காயிவா நெதர்லாந்திலிருந்து உகாண்டாவுக்குத் திரும்பி வரும்வரை, ஜிஞ்சா பக்கத்து மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் யாரும் கேள்வி கேட்டதில்லை. மேலதிகாரி பேசுவார், மற்றவர்கள் கைதட்டுவார்கள். இலைகளைப் பொட்டலம் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, நோய் உண்டா இல்லையா என்று பதில் வரும்வரை கொட்டாவி விடுவதுதான் வேலை. காயிவா அந்தச் சோதனையை இங்கேயே செய்யக் கற்றுக்கொடுத்தார். எப்படித் தெரியும், ஏன் அப்படி என்று கேட்கவும் பழக்கினார். அவரிடமே கேட்கும் துணிச்சல்தான் யாருக்கும் வரவில்லை. அங்கே வேலை செய்த இளம் ஆய்வாளர் நபிரியேவுக்கு அவர்மேல் மலையளவு நன்றி இருந்தது. அதனால்தான் இப்போது அவரிடம் ஒன்றைச் சொல்லத் தயங்கினாள்.

அவர் உருவாக்கிய புதிய மரவள்ளி ரகத்தின் நடவுக் குச்சிகள் அடுத்த வாரம் விவசாயிகளுக்குப் போக இருந்தன. செடியெல்லாம் பச்சைப்பசேலென்று நின்றது. நபிரியே ஒரு கிழங்கைத் தோண்டி வெட்டிப் பார்த்தாள். உள்ளே பழுப்பு அழுகல். சோதனையும் நோய் என்றே சொன்னது.

"வாயை மூடிட்டு இரு," என்றான் கூட வேலை செய்யும் ஒபாலிம். "அவரு பிள்ளை மாதிரி வளர்த்தது. உன் வேலையே போயிடும்."

"இதை நட்டுட்டு சனங்க என்னத்தைத் திம்பாங்க?"

"அதைச் சொல்ல நீதான் கெடச்சியா?"

நிலையத்துக் கூட்டத்தில் புதிய ரகத்தைப் பற்றிக் காயிவா பேசி முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நபிரியே எழுந்துபோய் வெட்டிய கிழங்கை மேசைமேல் வைத்தாள். "சார், இது உங்க ரகம்தான்."

அவர் முகம் கறுத்தது. எந்த வயல், எத்தனை செடி, சோதனையைத் திரும்பச் செய்தாளா என்று துருவித் துருவிக் கேட்டார். அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில் அவர் கிழங்கைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"ஒரு குச்சிகூட வெளிய போகக் கூடாது," என்றார். பிறகு, "இது வேற யாருக்குத் தெரியும்?"

ஒபாலிமின் கை தயங்கித் தயங்கி எழுந்தது. பின்வரிசையிலிருந்து இன்னும் நாலைந்து கைகள்.

காயிவா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "இத்தனை பேருக்குத் தெரிஞ்சும் எங்கிட்ட சொல்லலையே. நான் வந்து என்ன பிரயோஜனம்?"

நபிரியேவுக்கு மனசு கேட்கவில்லை. "நீங்க வராம இருந்திருந்தா நானும் சொல்லியிருக்க மாட்டேன் சார். சத்தியமா."

காயிவாவின் முகம் மெல்ல இளகியது.

"சரி, வேற என்னென்ன தெரியும் உங்களுக்கெல்லாம்?"

"உக்காந்தே இருங்க சார்," என்றான் ஒபாலிம். "நெறைய இருக்கு."